செண்பகத்தோப்புச் சாலையில் ஒரு மண்குழி

வெயில் ஏறிவிட்டால் யாருக்கும் மண்ணைத் தள்ளிக் கொட்ட மனம் வராது, சார். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் போட வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவன் நான்தான். அன்று மண் அள்ள வந்த முத்துப்பேச்சி விளிம்பிலேயே குவித்தாள். பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நீங்கள் அஜாக்கிரதை என்று எழுதியிருப்பது அதைத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

பொன்னுராஜின் தென்னைகள் ஏன் வாடுகின்றன என்று பார்க்கப் போயிருந்தோம். சில வருஷங்களுக்கு முன் அந்த நிலத்தில் தென்னை வைக்கலாம், ஆறடிக்கு நல்ல மண் என்று அவருக்குச் சொன்னதும் நானே. உண்மையில் அப்போது குழி வெட்டவே இல்லை. வரப்போரம் மேல்மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என்னிடம் வேலை பழகிய விமல் குழிக்குள் நின்றான். மார்பளவு ஆழத்தில் அவன் கடப்பாரை எதிலோ மோதியது.

“அண்ணே, சுக்கான் பாறை. இதுல தென்னை வேரு எங்கிட்டு இறங்கும்?” என்றான். பிறகு சிரித்தான். “அன்னைக்கு நீங்க இங்க குழியே வெட்டலையோ?”

“ஏலே, சாரையே கேள்வி கேக்கியா? சோலியை முடிச்சிட்டு மேல வா,” என்றாள் முத்துப்பேச்சி. அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு.

பொன்னுராஜ் எங்களுக்கு வடை வாங்கப் போயிருந்தார்.

“அவிய வரட்டும்ணே, காட்டிருவோம்,” என்று விமல் பாறையை ஒட்டிய மண்ணை எடுக்க முழங்காலிட்டான். அப்போதுதான் குழியின் கரை சரிந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. மேலே குவியலின் பாரம் வேறு. நான் தள்ளவில்லை.

முத்துப்பேச்சி குதிக்கப் போனாள். அவள் கையைப் பிடித்துக் குவியலுக்கு அந்தப்புறம் இழுத்தேன்.

“விடுங்க சார், புள்ள உள்ள கெடக்கான்.”

“சரிஞ்ச கரை மறுபடியும் சரியும். இறங்கினா நீயும் போயிருவ.”

பதறாமல் சொன்னேன். அதனால் நம்பினாள். ஓடிவந்த பொன்னுராஜையும் அவள் பக்கத்திலேயே நிறுத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் செய்தேன். தீயணைப்பு வண்டி வரும்வரை ஒருவரையும் விடவில்லை. பாறையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் விமலின் அம்மா பரிபூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க புண்ணியத்துல மத்தவியளாவது பொழச்சாவ,” என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவனுடைய ஒரு கை மண்ணுக்கு மேலே இருந்தது, சார். மற்றவர்களுக்குக் குவியல் மறைத்தது, நான் நின்ற பக்கத்திலிருந்து மட்டுமே அது தெரியும். விரல்கள் அசைந்தன. இறங்க வேண்டியதில்லை, விளிம்பில் படுத்துக் கையை நீட்டியிருந்தால் முகத்து மண்ணை விலக்கியிருக்கலாம். விரல்கள் ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொலை என்றே எழுதுங்கள். ஆனால் மற்றவர்களைத் தடுத்ததைத் தவறு என்று எழுதாதீர்கள். அன்று வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.