எதிர்வீட்டு ஐந்தருவி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள சாரல் நகர் இரண்டாம் தெருவில் அழகுணர்ச்சி காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவன் நான். எந்தப் பத்திரிகையிலும் இந்தச் செய்தி வராததால் நானே அறிவிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தேவைகள் குறைவு. காலையில் காப்பி சூடாக இருக்க வேண்டும். மாடி வராந்தாவில் உட்கார்ந்து அதைக் குடிக்கும்போது எதிரே கண்ணை உறுத்தாத ஏதாவது இருக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் இதைவிடக் குறைவாகக் கேட்க முடியாது. மேற்கே மலை, அதன்மேல் மேகம். அதைப் பார்த்துத்தான் இந்த மனையை வாங்கினேன். பிறகு மலைக்கும் எனக்கும் நடுவில் பரமசிவன் வீடு கட்டினார்.

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். வாழ்நாள் முழுவதும் பழத்தைப் பார்த்தவருக்குத் திடீரென்று கலை வந்துவிட்டது. முன்வாசலில் முதலில் ஒரு சிமெண்ட் மான் நின்றது. போகட்டும் என்று விட்டேன். அடுத்து ஒட்டகச்சிவிங்கி வந்தது. அதற்கடுத்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு பென்குயின். அதன் வயிற்றில் ‘என்னைப் பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தது. பனிக்கட்டியில் பிறக்க வேண்டிய பிராணி தென்காசி வெயிலில் நின்று குப்பை கேட்டது. அதற்கே வெட்கமாக இருந்திருக்கும்.

கடைசியாகத்தான் ஐந்தருவி. ஆளுயரத்துக்குச் சிமெண்ட் பாறை, அதிலிருந்து ஐந்து குழாய், கீழே ஒரு தொட்டி, தொட்டித் தண்ணீரை மறுபடி மேலே தள்ள ஒரு மோட்டார், பாறை இடுக்குகளில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். ஒரு குழாய் அடைத்துக்கொண்டதால் நடைமுறையில் அது நான்கருவி. உண்மையான ஐந்தருவி இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. கோயிலுக்கு எதிரே காகிதத்தில் கோயில் செய்து வைக்கிற புத்தி இது.

நான் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். இதில் எனக்குச் சொந்த விரோதம் எதுவும் இல்லை. புகார்கள்தான் என்னைத் தேடி வந்தன. ஐந்தாம் நம்பர் ஜோதிலட்சுமி டீச்சர் முதலில் வந்தார்.

“அண்ணாச்சி, அந்த ஒட்டகச்சிவிங்கி எங்க அடுப்படிய எட்டிப் பாக்குது. தாளிச்சுக் கொட்டவே கூச்சமா இருக்கு.”

செயலாளர் பெஞ்சமினும் சொன்னார்: “சீசன் பாக்க வாரவன்லாம் இங்கன காரை நிப்பாட்டி போட்டோ எடுக்கான். எங்க வீட்டு கேட்டைத் திறக்க முடியல.”

நான் நேரில் போனேன்.

“என்ன வே இது?” என்றேன்.

பரமசிவன் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். “உள்ள வாங்க அண்ணாச்சி. எல்லாம் இவளுக்காகத்தான். வருசா வருசம் சாரல் விழுந்தா மொத ஆளா அருவியில நிப்பா. இப்பம் கை கால் வரல. கூட்டத்துல எங்கன தூக்கிட்டுப் போவ? அதான் அருவிய இங்கன கொண்டாந்துட்டேன்.”

‘இவள்’ என்றது அவர் மனைவி உலகம்மாளை. பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். தினமும் காலையில் அவளைத் தூக்கிவந்து தொட்டி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார். நான்கு குழாய்த் தண்ணீரும் தலையில் விழும். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரிப்பாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து நல்ல கையைத் தூக்கி அசைப்பாள். என் காப்பி நேரம் அது. ஒரு நாளும் நான் பதிலுக்குக் கை அசைத்ததில்லை. ஒரு தடவை அசைத்தால் தினமும் அசைக்க வேண்டிவரும்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். அழகுணர்ச்சி என்று சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் பாதுகாப்பு என்று சொன்னேன். “அந்தத் தொட்டியில் ஒருநாள் ஓர் உயிர் போகும்” என்றேன். எழுந்து நின்று, நிறுத்தி, இரண்டாவது முறையும் சொன்னேன்.

“ஒரு சாண் தண்ணியிலயா அண்ணாச்சி?” என்றார் பெஞ்சமின். “அதுல கொசு விழுந்தாலே நீஞ்சிக் கரை ஏறிரும்.”

கூட்டம் சிரித்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு அஞ்சித் தாளிக்காமல் இருந்த ஜோதிலட்சுமி டீச்சரும் சிரித்தார். பரமசிவனும் சிரித்தார், அவரைச் சேர்க்க வேண்டாம். அலுவலகத்தில் நான் பேசும்போது யாரும் சிரித்ததில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு நாடு எவ்வளவு சீர்கெட்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது, வாழைப்பழம் வாங்கியது. அவ்வளவுதான். வாழைப்பழம் வாங்குவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை.

குற்றாலத்துக் குரங்குகள் எங்கள் நகர் வரை வருவதில்லை. மேற்கே வளைவில் நிற்கும் புளியமரங்களோடு திரும்பிவிடும். காலை நடையில் முதலில் அந்த மரத்தடியில் பழம் வைத்தேன். பிறகு டிரான்ஸ்பார்மர் மேடையில். பிறகு எங்கள் தெரு முனையில். கடைசியாகப் பரமசிவன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் பின்மூலையில். குரங்குகள் ஒழுங்கானவை, சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்தன. என்கீழ் வேலை பார்த்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லை.

என் எதிர்பார்ப்பு நியாயமானது. குரங்கு வந்தால் விளக்கைப் பிடுங்கும், குழாயைத் திருகும், மானின் கொம்பை ஒடிக்கும். கலை தானாகவே அழியும். விளக்கைப் பிடுங்கின. மானின் ஒரு கொம்பும் போயிற்று. ஆனால் பரமசிவன் தெருவுக்கு ஓடிவந்து என் வராந்தாவைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணாச்சி, பாத்தியளா! அருவி இருந்துச்சு, கொரங்குதான் இல்லாம இருந்துச்சு. இப்பம்லா அசல் குத்தாலம்!”

தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. உலகம்மாள் மடியில் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினாள். ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்து அவள் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு போனது. மக்கள் கைதட்டினார்கள். நான் வாங்கிக் கொடுத்த பழத்தைத் தின்றுவிட்டு அந்தப் பிராணி எதிர்க்கட்சிக்கு வேலை செய்தது.

எனக்கு நிர்வாக அனுபவம் உண்டு. ஒருவனுக்கு ஒரு சலுகை கொடுத்துப் பழக்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அவன் என்ன செய்வான் என்பது தெரியும். முன்பு சலுகையே இல்லாமல் இருந்ததை அவன் மறந்துவிடுவான், கையில் அகப்பட்டவன்மேல் பாய்வான். பழம் வைப்பதை நிறுத்தினேன். இதுவும் குற்றம் இல்லை. வைப்பதும் குற்றம் இல்லை, நிறுத்துவதும் குற்றம் இல்லை.

அந்த வாரம் குரங்குகளின் குணம் மாறியது. மிட்டாயை வாங்குவதற்குப் பதில் பறித்தன. பரமசிவன் கம்பு ஒன்றை வாசலில் வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டும் சிரித்தார்.

ஒருநாள் காலை அவர் என் வீட்டு கேட்டருகே வந்து நின்றார். வேட்டி சட்டை மாற்றியிருந்தார். உலகம்மாளை வழக்கம்போல் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, புளியங்குடியில ஒரு கல்யாணம். முகத்தைக் காட்டிட்டு வந்துருதேன். வேலைக்கு வார தங்கபுஷ்பம் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா. அவ வார வரைக்கும் மாடியிலேருந்து இவள ஒரு பார்வை பாத்துக்கிடுங்க.”

“போயிட்டு வாரும்” என்றேன்.

தங்கபுஷ்பம் வந்தபோது உலகம்மாள் தொட்டியில் குப்புறக் கிடந்தாள். நாற்காலி அவள்மேல் கிடந்தது. பாறைமேல் குரங்குகள் உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு குழாயிலும் தண்ணீர் விழுந்தது.

குரங்கு தள்ளிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர்களும் அப்படியே முடித்தார்கள். எல்லாம் ஆனபிறகு பரமசிவன் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.

“நீங்க அன்னைக்கே சொன்னிய அண்ணாச்சி. அந்தத் தொட்டியில உயிரு போவும்னு சொன்னிய. நான்தான் கேக்கல. நானே அவளக் கொன்னுட்டேன்.”

நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். சொன்னது பலித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். அருவியை இடிக்க ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வீட்டை விற்றுவிட்டுப் புளியங்குடிக்கே போகப் போவதாகவும் சொன்னார். அன்று மாலை நான் மலையைப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியின் தலைக்கு மேலே மேகம் நன்றாகத்தான் இருந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். இடிக்கிற ஆள் கடப்பாரையோடு வந்த அன்று அந்தக் கடுவன் உலகம்மாளின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டியும் போகவில்லை. அது மிட்டாய்க்குக் காத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். ஜோதிலட்சுமி டீச்சருக்குத் தெரியவில்லை. அறிவியல் பாடம் எடுக்கிறவர்.

“ஆஞ்சநேயர்லா வந்து உக்காந்திருக்காரு! அவருதான் அந்த அம்மாவத் தன்கூட கூட்டிட்டுப் போயிருக்காரு. இத இடிச்சா நம்ம தெரு விளங்குமா?”

இடிக்க வந்தவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் பாறைமேல் மஞ்சள் பூசியாகிவிட்டது. நாற்காலிக்குப் பட்டுத்துணி, அதற்குக் கூரை, கூரையில் ஒலிபெருக்கி. முன்பு காரை நிறுத்தி போட்டோ எடுத்தவர்கள் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தார்கள். பெஞ்சமின், “அந்தச் சாமி சமாச்சாரத்துல நான் தலையிட மாட்டேன். லைட்டு மட்டும் நம்ம பொறுப்பு” என்றார். பரமசிவன் வீட்டை விற்கவில்லை. அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பென்குயினுக்கும் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

ஒரு மனிதன் திட்டம் போட்டு, பொறுமையாக நடத்தி, முடித்துக்காட்டிய காரியம். அதன் பெருமை ஒரு குரங்குக்குப் போகிறது. இதை யாராலும் பொறுக்க முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தை அருவிக்கு முன்னாலேயே வைத்தார்கள். எழுந்து நின்றேன். மைக்கை வாங்கினேன்.

“இது ஆஞ்சநேயர் செயல் இல்லை” என்றேன். “குரங்குகளை இங்கே வரவழைத்தவன் நான். புளியமரத்தடியிலிருந்து இந்தச் சுவர் வரைக்கும், தினமும், என் கையால், யாருக்கும் தெரியாமல் பழம் வைத்தேன்.”

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. முதன்முறையாக அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு எடுத்தேன்.

“பாத்தியளா!” என்று ஜோதிலட்சுமி டீச்சர் எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். “நம்மல்லாம் அண்ணாச்சிய என்ன பேச்சுப் பேசினோம்! யாருக்கும் சொல்லாம இம்புட்டுப் பக்தியோட சாமியக் கூட்டிட்டு வந்திருக்காரே!”

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ துண்டு போர்த்தினார்கள். பரமசிவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலில் விழுந்தார். “அவ கடைசி நாளு அம்புட்டும் சந்தோசமா இருந்தா அண்ணாச்சி. அந்தக் கொரங்குகளோட. அது உங்களாலயா?” என்றார். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது பாதியைச் சொல்ல விடவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை நான் வராந்தாவில்தான் இருந்தேன். குரங்குகள் சுவரேறி வந்ததைப் பார்த்தேன். கடுவன் அவள் மடியில் தாவியதையும், நாற்காலி சாய்ந்ததையும் பார்த்தேன். விழுவதற்கு முன்னால் அவள் கூப்பிட்டாள். நாக்கு குழறினாலும் “அண்ணாச்சி, வாங்களேன்” என்பது தெளிவாகவே கேட்டது. விழுந்தபோது நல்ல கை அவளுக்கு அடியில் போய்விட்டது. சிறிது நேரம் கழித்து அதை எப்படியோ உருவி மேலே தூக்கினாள். தூக்கி அசைத்தாள். தினமும் அசைப்பதுதானே என்று எடுத்துக்கொள்ளவும் இடம் இருந்தது.

மாடியிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தால் அவள் வீடு. தண்ணீர் ஒரு சாண். பெஞ்சமின் சரியாகவே சொல்லியிருந்தார், யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். தூக்கியிருந்தால் அந்தத் தொட்டியில் உயிர் எதுவும் போயிருக்காது. நான் கூட்டத்தில் சொன்னது பொய்யாகியிருக்கும். அவர்கள் சாகும்வரை சிரித்திருப்பார்கள்.

பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கடைசிவரை பார்த்தேன். அன்று காப்பி சூடாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

இப்போது அருவியின் நெற்றியில் ஒரு ட்யூப் லைட் மாட்டியிருக்கிறார்கள். அதன்மேல் சிவப்பு எழுத்தில் ‘உபயம்: சங்கத் தலைவர் சண்முகநாதன்’ என்று எழுதியிருக்கிறது. என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, விடியவிடிய எரிகிறது.

இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வெளிச்சம்தான் காரணம்.