கூடப் போனவன் சொல்

தொலைக்காட்சியில் உட்கார வைப்பதற்கு முன்னால் ஆண்களுக்கும் முகத்தில் பவுடர் பூசுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பூசியது நல்ல பெண். "வெயில்ல ரொம்ப நிப்பீங்களா சார்?" என்று கேட்டாள். கடலுக்குப் போகிறவன் என்றேன். "அதான் ரெண்டு தடவ பூச வேண்டியிருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்து அறையில் என் தம்பி மனைவி ரெஜிஷாவுக்கும் பூசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவள் என்மேல் போட்ட வழக்கைப் பேசித் தீர்ப்பதற்காகத்தான் நாங்கள் இருவரும் ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டிகளில், சென்னைக்கு வந்திருந்தோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இனயத்துக்குப் பக்கத்துக் கடற்கரை எங்களுடையது. என் பெயர் சிலுவைமுத்து. பாதிரியார் ஆவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, பாதியில் திரும்பி வந்தவன். திரும்பியவனுக்கும் அந்த மரியாதை ஒட்டிக்கொண்டுவிடும். ஊரில் இன்றும் என்னைப் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தம்பி அஜின் செய்துகொண்டான். ரெஜிஷாவைப் பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன்.

2008 டிசம்பரில் நானும் அஜினும் கடலுக்குப் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. கேரளத்து விசைப்படகு ஒன்று என்னை மட்டும் தூக்கிக் கொண்டுவந்தது. அஜினின் உடல் கிடைக்கவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு, அவனோடு கூடப் போனவன் கோயில் முற்றத்தில் நின்று 'நான் கண்ணால் கண்டேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் துக்கமணி அடிக்கும், பூசை வைப்பார்கள், மனைவி கறுப்புச் சேலை கட்டுவாள். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் பிரேதமாக எண்ணுகிறோம். கூடப் போனவன் சொல்லாவிட்டால் போனவன் சாகவில்லை, அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அலை பிரித்துவிட்டது, கடைசியாகப் பார்த்தபோது நீந்திக்கொண்டிருந்தான் என்றேன். மணி அடிக்கவில்லை.

அதன் பிறகு ரெஜிஷா அவன் பங்கு வீட்டில் இருந்தாள். என் பங்கு அடுத்த வாசல். சமைத்தால் எனக்கும் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். அவள் தளர்ந்துபோகும்போதெல்லாம் ஏதாவது சேதி கொண்டுவந்து கொடுப்பேன். லட்சத்தீவில் பெயர் மறந்துபோன ஒருவன் தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறானாம் என்பேன். மங்களூர்த் துறைமுகத்தில் நம் பேச்சு பேசும் ஒருவனைப் பார்த்தார்களாம் என்பேன். எல்லாம் கேள்விப்பட்டதாகத்தான் சொன்னேன். அடுத்த சில நாட்கள் அவள் முகம் நன்றாக இருக்கும். அதைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஏழு வருடம் கழிந்ததும் அவள் தக்கலை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். ஏழு வருடமாக ஒருவனைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் எதிர்த்து நின்றேன். தகவல் இருக்கிறது என்றேன். தம்பியைச் செத்தவன் என்று எழுதிக்கொடுக்க எந்த அண்ணனுக்கு மனசு வரும்? ஊரும் அப்படித்தான் நினைத்தது. பிரதருக்குத் தம்பிமேல் உயிர் என்றார்கள்.

வழக்கின் காரணம் பிறகுதான் தெரிந்தது. குளச்சலிலிருந்து ஐஸ் வண்டி ஓட்டும் சத்தியராஜ் அவளைக் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியை இழந்தவர். கணவன் இறந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கோயிலில் மறுமணம் நடக்காது. ஒருநாள் அவரே என்னைத் தேடி வந்து, வண்டியை விட்டு இறங்காமல் பேசினார்.

"பிரதரே, ஒரு சந்தேகம். படிச்சவரு, நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் மீன ஐஸ்ல போட்டா ஒரு வாரம் தாங்கும். கூடுனா பத்து நாளு. நீங்க ஒரு பொம்பளய ஏழு வருசமா கெடாம வச்சிருக்கியளே, அது என்ன ஐஸு?"

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அவசரம், அவ்வளவுதான்.

என் வக்கீல் குமாரதாஸ் ஒருநாள் என்னை அழைத்து உட்கார வைத்தார்.

"பிரதர், அடுத்த வாய்தாவுல உம்ம கூண்டுல ஏத்துவாங்க. கடவுள் பேருல சத்தியம் வாங்குவாங்க. பெறவு எதிர்த்தரப்பு வக்கீலு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. தம்பி செத்தத பாத்தீரா, இல்லியா? சுத்தி வளைக்கப் படாது. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"சத்தியம் செய்யாமல் சொல்ல வழி இல்லையா?"

"அது என்ன கேள்வி ஓய்? உள்ளதச் சொல்லதுக்கு சத்தியத்துல என்ன பயம்?"

பயம் என்று அதைச் சொல்ல முடியாது. நான் வாழ்க்கையில் பொய்ச்சத்தியம் செய்ததே இல்லை. குருமடத்தை விட்டு வந்தாலும் சில விஷயங்களை விட முடிவதில்லை. வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஜெபிக்காமல் திரும்புவேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து சபிதா என்ற பெண் போனில் பேசினாள். குடும்ப வழக்குகளை மேடையில் பேசி முடித்துவைக்கும் ஒரு நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாள். ரெஜிஷா அவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

"கோர்ட்டுல இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ சார். இங்க ஒரே நாள்ல முடிஞ்சிடும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவீங்க, வழக்க வாபஸ் வாங்கிடலாம்."

நான் ஒன்றுதான் கேட்டேன். "அங்கே சத்தியம் செய்யச் சொல்வீர்களா?"

"ஐயோ சார்" என்று சிரித்தாள். "இது கோர்ட் இல்ல. மனசு விட்டுப் பேசினா போதும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன். உடனே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ரெஜிஷா ஏன் இதை விரும்புகிறாள் என்பது புரியவில்லை. ஏழு வருடத் தவணை முடிந்த பிறகு சட்டம் அவள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஜெயிக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு ஒரு பெண் ஏன் மேடைக்குப் போக வேண்டும்? அதுவும், ஊர்க் காரியத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் முகம் கொடுத்துப் பேசாத ஊர் எங்களுடையது. அவள் ஏதோ கையில் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. அந்தக் கேரளப் படகுக்காரர்கள் யாரையாவது கண்டுபிடித்துவிட்டாளா? அவர்கள் என்னைத் தூக்கியபோது நான் நினைவில்லாமல் எதையாவது உளறியிருந்தேனா? அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் ஓடியது. இரண்டு தரம் சபிதா போன் செய்தும் நான் எடுக்கவில்லை.

கடைசியில் ரெஜிஷாவே வந்தாள். கையில் கிண்ணம் இல்லை.

"டிவிக்கு வருவியளா அத்தான்?"

"ஊர் சிரிக்கும் ரெஜிஷா."

"ஊரு இப்பம் மட்டும் எனக்கு அழுதிட்டா இருக்கு?"

"தக்கலையில நடக்கட்டுமே. நீ கேட்டது உனக்கு அங்க கிடைக்கும்."

"தாள்தான் கெடைக்கும்" என்றாள். "ஜட்ஜி எழுதித் தருவாரு, செத்ததா வச்சிக்கிடலாம்னு. வச்சிக்கிடலாம். அத மடியில வச்சிட்டு நான் ஒருத்தனுக்க கூட குடும்பம் நடத்தணும். எப்பம் வாசல்ல வந்து நிப்பாரோன்னு. எனக்கு அது வேண்டாம். எனக்கு நீங்க சொல்லணும்."

"நான் சொன்னதுதான் இருக்கே."

"அது தரையப் பாத்துச் சொன்னது." அவள் என் முகத்தையே பார்த்தாள். "அத்தன ஆளு முன்ன, எனக்க மொகத்தப் பாத்து நீங்க பொய் பறைய மாட்டிய. உங்கள எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

ஆக, அவள் கையில் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் என்மேல் வைத்த நம்பிக்கை மட்டும்தான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அன்றைக்கே சபிதாவைப் போனில் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன். ரெஜிஷா மேடையைத் தேர்ந்தெடுத்தது அங்கே என்னால் பொய் சொல்ல முடியாது என்பதற்காக. நான் தேர்ந்தெடுத்தது அங்கே சத்தியம் கிடையாது என்பதற்காக. இருவருக்கும் சம்மதம்.

படப்பிடிப்பில் விளக்குகள் கடுமையான சூடு. நடுவில் நிகழ்ச்சியை நடத்தும் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் ரெஜிஷா. எதிரே வரிசை வரிசையாக ஆட்கள். முதலில் என்னைப் பேச விட்டார்கள். தம்பியைத் தூக்கி வளர்த்ததைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரெஜிஷா பேசும்போது அவள் பேச்சு அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. நடத்துகிற அம்மா, "மெதுவாப் பேசும்மா, பாட்டு மாதிரி இருக்கு" என்றதும் கூட்டம் சிரித்தது. ரெஜிஷா சிரிக்கவில்லை.

"எங்க ஊருல பிரேதம் கெடைக்காட்டா, கூடப் போனவங்க சொல்லுததுதான் பிரேதம்" என்றாள். "அத்தான் இப்பம் என்னப் பாத்துச் சொல்லட்டு. செத்துட்டான்னு சொன்னா நான் இங்கேயே தாலியக் கழத்துதேன். உயிரோட இருக்கான்னு சொன்னா வழக்க நான் வாபஸ் எடுத்துக்கிடுதேன். பெறவு ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

நடத்துகிற அம்மாவுக்கே அது எதிர்பாராதது என்று நினைக்கிறேன். கையில் இருந்த தாளை மேசையில் வைத்துவிட்டார். "இவர் என்ன சொன்னாலும் ஒத்துக்குவியாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். அவள் இரண்டு தரமும் தலையாட்டினாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ரெஜிஷாவின் முகத்தில் பவுடர் வேர்வையில் திட்டுத்திட்டாக நின்றது. முந்தானைக்குள் கையை விட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழற்றுவதற்குத் தயாராகத்தான் பிடித்திருந்தாள். அதை நான் கவனித்தேன். செத்துவிட்டான் என்றுதான் நான் சொல்லுவேன் என்ற நிச்சயத்தோடு வந்திருக்கிறாள் என்பதும் புரிந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக இளைப்பாறிய முகம்.

"எனக்க தம்பி உயிரோட இருக்கான்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கூட்டம் கைதட்டியது. நடத்துகிற அம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். ரெஜிஷா முந்தானையிலிருந்து கையை எடுத்து, சபிதா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். நல்ல கையெழுத்து அவளுக்கு.

அது பொய் என்று சொல்வீர்கள். இறந்தவர்கள் ஆண்டவரிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்று நாங்கள் ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறோம். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். வள்ளம் கவிழ்ந்தபோது எஞ்சின் அஜினின் நெஞ்சில் அடித்தது. அலை எங்களைப் பிரிக்கவே இல்லை. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் அவனை என் மடியில் கிடத்தி வைத்திருந்தேன். அவன் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. மறுநாள் விடிந்த பிறகு பேசினான்.

"அண்ணே, ரெஜிஷாவ இருத்தி வைக்காதீங்க. அவளுக்கு என்ன வயசாயிட்டு? அவ நான் வருவேன்னு இருப்பா, பிடிவாதக்காரி. செத்தத நீங்க கண்டதாட்டு அவகிட்ட நேர சொல்லணும். நல்லவனாப் பாத்துக் கெட்டிக் குடுக்கணும். சொல்லுவியளா?"

சொல்வேன் என்றேன். மரிக்கிறவர்களுக்கான ஜெபத்தை முழுவதும் சொன்னேன், எனக்கு மனப்பாடம். வெயில் ஏறுவதற்குள் உயிர் போயிற்று. கண்ணை நான்தான் மூடினேன். நெற்றியில் சிலுவை வரைந்து தண்ணீரில் விட்டேன்.

கரைக்கு வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெஜிஷா ஓடி வந்து, "எங்க?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டதில்லை. நீந்திக்கொண்டிருந்தான் என்றேன். பிடி இன்னும் இறுகியது. அந்தப் பிடியை விட்டுவிடச் செய்யும் ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் யாரால் சொல்ல முடியும்? பிறகு ஒவ்வொரு நாளும் அதே நிலைமைதான்.

சத்தியராஜ் அடுத்த ஈஸ்டர் கழிந்து கொட்டாரம் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டினார். நல்ல இடம் என்று கேள்வி. ரெஜிஷா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது கொஞ்சம் நரைத்துவிட்டது.

முன்பெல்லாம் அவள் கரைக்கு வருவதில்லை. சென்னை போய் வந்த பிறகு தினமும் வருகிறாள். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறும்போது தள்ளி நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறாள். என் வள்ளம் பெரும்பாலும் கடைசி. நான் இறங்கியதும் என் பின்னால் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். நான் பத்திரமாக வந்து சேர்ந்ததைக் கண்ணால் காணாமல் அவள் ஒருநாளும் திரும்புவதில்லை.