இன்னும் கொஞ்சம்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும், ஐயா. எழுத்து வகுப்பு நடத்தியதில் நான் கற்ற முதல் பாடம் அது. என்னிடம் வந்தவர்கள் எல்லாம் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். பஸ் டிரைவர், தையல்காரர், மருந்துக்கடையில் நிற்கும் ஓர் அம்மா. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சும்மா விட்டால் கடித்துக் குதறிவிடுவார்கள். அதனால் ஒரு விதி வைத்தேன். 'ஆனால்' என்ற சொல்லுக்கு என் வகுப்பில் இடமில்லை. 'நல்லா இருக்கு, ஆனால்' என்றதும் முன்னால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அதற்குப் பதில் 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லப் பழக்கினேன். இன்னும் கொஞ்சம் சுருக்கலாம். இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். யார் மனமும் நோகாது.

"வீட்லயும் அப்படித்தான் சார் பேசுறேன். இப்பல்லாம் சாப்பாடு சூடா வருது" என்பார் டிரைவர்.

கருத்துகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருவார்கள். நான் வாசிப்பேன்.

மருந்துக்கடை அம்மா எழுதியது ஒரே கதை. சிறுவயதில் தம்பியைக் குளத்தில் பறிகொடுத்த கதை. அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்று பார்த்திருக்கிறார். அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. வாரத்துக்கு வாரம் திருத்தி எழுதினார். வகுப்பு முடிந்ததும் என்னோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்குவார். பிளாஸ்கில் இருந்து மூடியில் எனக்கு டீ ஊற்றித் தருவார். "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்பார். என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. வீட்டுக்குப் போனால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். தனிமை பொல்லாதது, ஐயா.

"இந்தக் கதை முடிஞ்சதும் நின்னுக்கிறேன் சார். இதை இறக்கி வைக்கத்தான் வந்தேன்" என்று ஒருநாள் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் படித்து முடித்தபோது தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டுகளைப் பிரித்தேன். எல்லோரும் ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: முடிந்துவிட்டது, இனி தொட வேண்டாம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் வாசித்தது வேறு. "இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியவில்லை."

வேறு யாரோ எழுதியது என்று நினைத்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இங்கிதமும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

நாற்காலி அடுக்கும்போது கேட்டார். "நான் இறங்கினதே இல்லையே சார். எப்படி எழுதுறது?"

"போய் இறங்கிப் பாருங்க."

"யாரையாவது கூட்டிட்டுப் போகவா?"

"கூட ஆள் இருந்தா எழுத்து வராதும்மா."

படி வழுக்கும், சட்டென்று ஆழம் வந்துவிடும் என்று அவர் கதையிலேயே இருந்தது. நான் பலமுறை படித்தவன். அவர் இன்னொரு வாரம் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, தெளிவான நடை. சீட்டை மாற்றி வாசித்தது நான். நீச்சல் தெரியாது என்று தெரிந்தே தனியாக அனுப்பியது நான். அவர் சாவுக்கு நான்தான் காரணம். திருத்த ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால், ஐயா, அவர் மனம் நோக நான் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.