வாய் திறக்காத நாய்

சாப்பிடுவதற்கு முன் நான் இரண்டு முறை கை கழுவுவேன். உப்பளத்தில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு பஞ்சம் என்று உங்களுக்கே தெரியும், சார். மரக்காணத்தில் பதினெட்டு வருடமாக மேஸ்திரி நான். ஆட்கள் குடிக்கிற தண்ணீர் கேனை மூடி வைப்பதும் என் பொறுப்புதான்.

லூர்துமேரி என்னிடம் உப்பு வாருகிறவள். சுனாமிக்கு அப்புறம் வந்த இந்தப் பங்குனியில் அவளுடைய நாய்க்குத் தாடை பூட்டிக்கொண்டது. வாய் ஒரு விரல்கூடத் திறக்காது. பல்லிடுக்கில் கோழை மாதிரி எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே கையோடு கேனைத் திறப்பாள். அவள் போனதும் மூடியைக் கழுவி வைப்பேன்.

வெறி என்று எல்லோரும் ஒதுங்கினோம். அவள் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"வெறி இல்லீங்க மேஸ்திரி. ஒடம்போட எதிர்ப்பு சக்தியே தாடை சதைய எதிரின்னு நெனச்சி அழிக்குதாம். மாத்திரைய வுடாம குடுத்தா வாய் தொறந்துடும்னு டாக்டர் சொன்னாரு."

மாத்திரையைக் கஞ்சியில் கரைத்துக் கன்னத்தோரமாக ஊற்றுவாள். பாதி அவள் மடியில் வழியும். அதைப் பார்த்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள் ஏதோ எடுக்கக் குனிந்தேன். நாய் வந்து என் புறங்கையை நக்கியது. நாக்கு வெளியே வருகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் "கடிச்சிடுச்சி" என்று கத்தினேன்.

ஆட்கள் உப்பு வாரும் பலகைகளோடு ஓடி வந்தார்கள். நாய் பயந்து உப்புப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. அவள் குரலுக்குத்தான் அது வரும். "ஊசி போடத்தான், கூப்பிடு" என்றேன். கூப்பிட்டாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

அவள் அதைக் கட்டிக்கொண்டாள். "வாய் தொறக்குது பாருங்க. இது கடிக்கலீங்க."

ஓடி வந்த ஆட்களில் இருசப்பன் பலகையைக் கீழே போட்டுவிட்டான். நான் அவன் பலகையை எடுத்துக்கொண்டேன். முதல் அடியிலேயே நாய் செத்தது.

நீங்கள் நாயைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும். இரண்டாவது அடி கை தவறி அவள் தலையில் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. பார்த்துத்தான் அடித்தேன். செத்த நாயின் வாயில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் அந்த எச்சில். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருந்தால் லூர்துமேரி இன்று வேலைக்கு வந்திருப்பாள்.