கெட்டுப்போகாத தண்ணி

– அவர் வரலையாண்ணா?

– மாப்பிள்ளை கீழ குழந்தைங்க வார்டுலதான் இருக்காரு. டாக்டர் ஏதோ பேசணும்னாராம், அதான் என்னை அனுப்பினாரு. எழுந்திருக்காதம்மா, தையல் பிரிஞ்சிடப் போகுது.

– குழந்தைக்கு மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கா?

– குறைஞ்சிருக்கு. எதனாலன்னும் தெரிஞ்சுபோச்சு.

– எதனால?

– மருந்து ஏத்த கையில சின்னதா ஒரு குழாய் போட்டிருக்காங்கல்ல? அது அடைச்சுக்காம இருக்க அப்பப்ப உப்புத்தண்ணி விட்டுக் கழுவுறாங்க. அந்தத் தண்ணி கெட்டுப்போகாம இருக்க பாட்டில்ல ஒரு கெமிக்கல் கலந்திருக்கு. பென்சைல் ஆல்கஹாலாம்.

– சாராயமா?

– நானும் அப்படித்தான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். இது வேறயாம். பெரியவங்க உடம்பு அதை வெளிய தள்ளிடும். நம்மாளு மாசம் நிறையறதுக்குள்ள அவசரப்பட்டு வந்துட்டான்ல, கல்லீரல் இன்னும் வேலை கத்துக்கல. ஃபில்டர் இல்லாம வண்டி ஓட்டினா அழுக்கெல்லாம் உள்ளயே சுத்தும் பாரு, அந்தக் கதைதான்.

– உன் ஒர்க்‌ஷாப்பா இருந்தா கழட்டிக் கழுவிடுவ.

– ஆமா. இங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கத்தான் முடியுது.

– யாரு தப்புண்ணா?

– யாரைன்னு சொல்றது. கெமிக்கல் இல்லாத சின்ன பாட்டில் தீர்ந்துபோச்சுன்னு பெரிய பாட்டிலை எடுத்திருக்காங்க. திட்டணும்னுதான் போனேன். அந்த நர்ஸு பொண்ணு என்னைவிட அதிகமா அழுதுட்டு நிக்குது.

– இப்ப நிறுத்திட்டாங்களா?

– நிறுத்தியாச்சு. உள்ள போனது தானா இறங்கணும், அவ்வளவுதான்.

– ஒருதடவை கூட்டிட்டுப் போறியா? நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல.

– இப்ப வேணாம்மா. கண்ணாடிப் பெட்டியைத் தொறக்கக் கூடாதுங்கறாங்க.

– யார் மாதிரி இருக்கான்?

– மூக்கு அப்படியே உன்னுதுதான். விரலைக் குடுத்தா கெட்டியா பிடிச்சுக்கறான்.

– பிடிச்சுக்கறானா?

– பிடிச்சுக்கறான்மா.

– ஏண்ணா ஜன்னலைப் பாத்தே பேசுற?

– வெயில் அடிக்குது, திரையை இழுத்துவிடலாமான்னு பாக்கறேன். நீ கொஞ்சம் தூங்கு. நீ தெம்பா இருந்தாத்தானே நாளைக்கு அவனுக்குப் பால் குடுக்க முடியும்?

– நீ வர்றதுக்கு முன்னாடியே இந்த வார்டு நர்ஸு வந்து, பால் வத்திப்போறதுக்கு மாத்திரை குடுத்துட்டுப் போனாங்கண்ணா. முழுங்கிட்டேன்.