குட்டிச்சுவரின் ஏழாவது பாட்டு

தனக்குக் காது மந்தம் என்று தானாக ஒத்துக்கொண்டு வந்த ஒருவரைக்கூட இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை, மேடம். எதிரில் பேசுகிறவர்கள்தான் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள் என்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வேன். குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாத வேலை.

நேற்று நான் சொன்னதை உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதியிருந்தார், படித்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் நடுநடுவே என்னை அழவைத்திருக்கிறார். நான் அழவில்லை. அதனால்தான் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

என் தங்கையை நீங்கள் பாடகி என்கிறீர்கள். மூச்சு விடாமல் ஊரைத் திட்டுவதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரமாட்டேன் என்கிறது. குட்டிச்சுவர் என்ற அவளுடைய மேடைப் பெயர் ஒரு வகையில் நான் வைத்ததுதான். பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கமெல்லாம் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள். "இப்படியே போனா குட்டிச்சுவராத்தான் போவே" என்று தினமும் சொல்வேன். அதையே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். அப்பா லாரி ஓட்டினார், வீட்டில் தங்குவது அபூர்வம். அவளுக்கு நாலு வயதானபோது அம்மா போய்விட்டாள். ஊட்டிவிட்டு, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது நான். இதை யாரும் மறுக்க முடியாது, அவளும் மறுக்கமாட்டாள்.

இருபத்துமூன்று வயதில், ஆல்பம் போடப்போகிறேன் என்று வந்து நின்றாள். ஒன்பது பாட்டு. பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும். கிளினிக்கில் என் பரிசோதனை அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரமாட்டார், சாவி என்னிடம் இருக்கும். ஆறு ஞாயிறு மதியங்கள் அவள் உள்ளே, நான் கண்ணாடிக்கு வெளியே. முதல் பாட்டுகளில் வீட்டுச் சொந்தக்காரர், வகுப்பு டீச்சர், பஸ்ஸில் உரசுகிறவன் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. எனக்கும் ஒன்று இருந்தது. வீட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்கிற ஓர் அண்ணனைப் பற்றியது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அந்தப் பாட்டைத்தான் மிகவும் கவனமாகப் பதிவு செய்தேன்.

ஏழாவது பாட்டுக்குக் கணினித் தாளம் வேண்டாம் என்றாள். அறைக் கதவின் உட்புறத்தை விரல் முட்டியால் தட்டினாள். வேகமாக இரண்டு. ஒரு நிறுத்தம். மெதுவாக மூன்று. பிறகு உள்ளங்கையால் ஒன்று. அதையே திரும்பத் திரும்ப.

"இத எங்கேர்ந்து புடிச்சே?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. சின்ன வயசுலேர்ந்தே மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. பாத்திரம் கழுவுறப்பகூட கை தானா இதத்தான் தட்டுது."

பயந்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தத் தட்டலை நான் கேட்டதில்லை, ஆனால் கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

அது அம்மாவின் தட்டல். தையல் கம்பெனி வேலை முடிந்து சாயங்காலம் வந்தால் வாசல் கதவை அப்படித்தான் தட்டுவாள். யார் என்று கேட்காமலே குழந்தை ஓடும். அவர்கள் இரண்டு பேருக்குள் அது ஒரு விளையாட்டு. எனக்கு அதில் பங்கில்லை.

பாட்டுகளைச் சரிசெய்து இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. தட்டலை அடியோடு நீக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். எந்தச் சத்தம் யாருக்குக் கேட்கவில்லை என்று தினமும் பார்க்கிறவனுக்கு, ஒரு சத்தத்தைக் கேட்காமல் செய்வது பெரிய காரியமில்லை. கடைசியில் மிஞ்சியது, பக்கத்து மாடியில் யாரோ துணி உதறுவதுபோல ஏதோ ஒன்று.

"தட்டல் எங்கண்ணா போச்சு?"

"இருக்கே. உனக்குக் கேக்கலையா?"

அதே அறையில் அவளை உட்காரவைத்துப் பரிசோதித்தேன். ஒரு குறையும் இல்லாத காது. நான் அவளுக்குக் காட்டிய வரைபடம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. பெயர் இருந்த மேல்பகுதியை மடித்துவிட்டேன். "தாழ்ந்த சத்தம் உனக்குக் கொஞ்சம் கம்மியா கேக்குதும்மா. ஹெட்போன மாட்டிட்டுக் கத்தினா இன்னும் மோசமாகும்" என்றேன். அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தத் தடவல் நடிப்பில்லை.

ஆல்பம் வெளியானது, யாரும் சீண்டவில்லை. கேட்ட நாலு பேரும் ஏழாவது பாட்டு சப்பென்று இருக்கிறது என்றார்கள். யாராவது எடுத்துப் பகிர்ந்தால், உரிமை இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு புகார் அனுப்புவேன், நீக்கிவிடுவார்கள். அவள் பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். "காது கேக்காதவளுக்கு எதுக்குண்ணா ராப்பு" என்று அவளே சிரித்துக்கொள்வாள். நோட்டை எடுப்பதையும் விட்டுவிட்டாள். இப்படி ஐந்து வருடம். என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் எவை என்று கேட்டால் அவைதான்.

கெடுத்தது மாப்பிள்ளை. அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். கல்யாணமான மறுமாதமே அவளுடைய பழைய போனை நோண்டியிருக்கிறார். பதிவின்போது அந்தப் போனையும் காலடியில் ஓடவிட்டிருந்தாளாம். எனக்குத் தெரியாது. அதில் தட்டல் தட்டலாகவே இருந்தது. ஒரே வாரத்தில் வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காதையும் பார்த்துவிட்டார். "மச்சான், மொதல்ல உங்க மெஷின மாத்துங்க. இவளுக்கு எறும்பு நடக்கிறதுகூடக் கேக்குது" என்று என் முதுகில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். என்மேல் சந்தேகப்படுகிற அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. போனில் இருந்ததை அப்படியே ஏற்றினார்.

மூன்றாவது வாரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் கம்பியில் அதைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு முடிவெட்டும் கடையில். பிறகு மேல்வீட்டில். கிளினிக்கில் காத்திருப்பவர்கள் நாற்காலிக் கையில் தட்டினார்கள். காது சுத்தமாகக் கேட்காதவர்கள்கூட, மேடம், மற்றவர்களைப் பார்த்துத் தட்டினார்கள். அறைக்குள் உட்கார்ந்து, என் கண்ணெதிரே, அதே கதவில் ஒருவர் தட்டினார். ஒவ்வொருவர் விரலையும் பிடித்து ஒடிக்கவேண்டும் போலிருந்தது. ஒடிக்கவில்லை. ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றுதான் சொன்னேன்.

போன மாதம் தங்கை வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, பாட்டுக்குக் கீழ ஒரு பொண்ணு எழுதியிருக்கு. இது தாளம் இல்லையாம். உள்ள மாட்டிக்கிட்ட யாரோ கதவத் தட்டுற சத்தமாம்."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அதப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு கதவு தெரியுது. பச்சைப் பெயின்ட். ஒசரத்துல ஒரு தாழ்ப்பாள். நம்ம பழைய வீடா அது?"

நிறம்வரை வந்துவிட்ட ஒருத்தியிடம் மறைப்பது அவளுக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று தோன்றியது. சொன்னேன். உங்களிடம் சொன்னதையேதான் அவளிடமும் சொன்னேன்.

அது என் பள்ளியிறுதிப் பரீட்சை. அம்மா காரணம் இல்லாமலும் கத்துவாள், காரணம் இருந்தால் இன்னும் கத்துவாள். கத்தினால் ஸ்டோர் ரூமில் விட்டுத் தாழ்ப்பாளைப் போடு, தானாக அடங்கிவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார். முன்பும் போட்டிருக்கிறேன், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இந்த முறை மறுநாள் கணக்கு, அதற்கடுத்த நாள் இயற்பியல். எனக்கு அமைதி வேண்டியிருந்தது. கோடைக்காலம், ஜன்னல் இல்லாத அறை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்து வெளியே ஃபிரிட்ஜில் இருந்தது. அது எனக்கு நினைவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். நினைவிருந்தது. முதல் நாள் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இரண்டாம் நாள் கத்தவில்லை, அந்தத் தட்டல் மட்டும்தான். என்னைக் கைவிட்டுவிட்டுக் குழந்தையைக் கூப்பிட ஆரம்பித்தாள். அது எனக்கு வலித்தது. மூன்றாம் நாள் மதியம் பரீட்சை எழுதிவிட்டு வந்து திறந்தேன். அப்பா வந்தார், சர்க்கரையில் போய்விட்டாள் என்று தெரிந்த டாக்டரிடம் எழுதி வாங்கினார். இயற்பியலில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் எங்கண்ணா இருந்தேன்?"

"டிவி பாத்துட்டிருந்தே. அம்மா தட்டினது உனக்குக் கேட்டுது. நீ திரும்பிக்கூடப் பாக்கல" என்றேன். நாலு வயதுக் குழந்தை, உன்னை யார் குற்றம் சொல்லப்போகிறார்கள் என்றும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. உலகத்தையே திட்டியவள், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக இங்கே வந்து புகார் கொடுத்தாள். அதன் பிறகு ஒத்துக்கொண்டிருந்த மேடைகளையெல்லாம் ரத்து செய்துவிட்டாள். ஏழாவது பாட்டைத் தானே நீக்கிவிட்டாள். மாப்பிள்ளை முந்தாநாள் இங்கே என்னைப் பார்க்க வந்தார். அவர் பேச்சில் 'நீங்க', 'மச்சான்' எல்லாம் போய்விட்டிருந்தன. "'அம்மா கூப்பிட்டாங்க, நான் போகல'ன்னு அதையே சொல்லிட்டுச் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கா. சோறு எறங்கல. இப்ப உனக்கு நிம்மதியா?" என்று கேட்டார்.

ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவள் போனாள். இரண்டாம் நாள் மதியம் நான் குளித்துவிட்டு வந்தபோது, சமையலறை ஸ்டூலை அந்தக் கதவுவரை இழுத்துக்கொண்டுபோய், அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தாழ்ப்பாளில் பாதியை இழுத்தும் விட்டாள். "மெதுவா, கண்ணு, மெதுவா" என்று அம்மா உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குழந்தையை இடுப்போடு தூக்கிக் கீழே இறக்கினேன். தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினேன். ஸ்டூலைப் பரண்மேல் போட்டேன். டிவி முன்னால் அவளை உட்காரவைத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

இது அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, மேடம். இன்னும் கொஞ்சம் எம்பியிருந்தால் விழுந்து மண்டை உடைந்திருக்கும். அவள்மேல் ஒரு கீறல்கூட விழாமல்தான் நான் வளர்த்தேன்.