சாம்பல் போடாத பக்கம்

கீரை இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவர்கள் தோட்டம் வைக்கக் கூடாது, மகளே. அசுவினிப் பூச்சி எல்லாம் அடிப்பக்கம்தான் ஒண்டியிருக்கும். நீ காவல் நிலையத்திலிருந்து வந்தவள் என்றாலும் முதலில் என் சுக்குமா கீரையைப் பற்றித்தான் விசாரித்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார். தேநீர் சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடி.

முப்பது வருஷமாக இந்த மண்ணில் கடை மருந்து ஒரு சொட்டு விழுந்ததில்லை. அசுவினிக்கு அடுப்புச் சாம்பல். தண்டைக் கடித்துச் சாய்க்கிற புழுவை விடியலில் மண்ணைக் கிளறி விரலால் பொறுக்கிவிடுவேன். மாட்டுக் கோமியத்தில் மிளகாயை ஊறவைத்துத் தெளிப்பதும் உண்டு. ஆனால் கொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பூச்சிக்கும் வயிறு இருக்கிறதே. மூன்று பக்கம் மறித்து நாலாவது பக்கம் திறந்துவிட்டால் தானாகப் போய்விடும். கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டு இமாலி கேலி செய்வாள்: "முஹோஞ்சாக்கா பூச்சிக்கு டீ போட்டுக் குடுத்துதான் வழியனுப்புவாங்க."

என் வீட்டுக்காரர் லிஹாண்டா இரண்டு வருஷமாகப் படுக்கை. இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் வாயும் மட்டும் வேலை செய்தன. நான்தான் துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், உகாலிக் களியைக் குழைத்து ஊட்டினேன். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேள்.

போன திங்கள்கிழமை அவர் தம்பி ஷிவாச்சி வந்தான். உன்னிடம் புகார் சொன்னானே, அவன்தான். கரும்பு போட ஆலைக்காரர்கள் நிலம் தேடுகிறார்களாம்.

"கீரை வித்து யாரு அண்ணி மாடி வீடு கட்டுனா? வியாழக்கெழம காயிதம் கொண்டாரேன். அண்ணன் கட்டவெரல வெச்சா முடிஞ்சுது."

"தோட்டமும் சேத்தா?" என்றேன்.

கட்டிலிலிருந்து அவர்தான் பதில் சொன்னார். "நெலம் எங்கப்பன் நெலம். ஒம் பூச்சிங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு ஒந் தம்பி வீட்டுக்குப் போயிடு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரும்பு வந்தால் களைக்கொல்லியும் வரும். இந்தப் பாத்திகளில் ஒரு மண்புழு மிஞ்சாது. என் தம்பி வீட்டில் எனக்கு இடமில்லை, வேறு போக்கிடமும் இல்லை.

புதன்கிழமை காலை மழை விட்டதும் காட்டுப் பக்கமிருந்து சியாஃபு வந்தது. படையெறும்பு. தூரத்தில் பார்த்தால் ஈரக் கயிற்றை யாரோ இழுத்துப் போவது போலிருக்கும். அது வந்தால் நாங்கள் வீட்டைத் திறந்துபோட்டு வெளியே போய்விடுவோம். கரப்பான், எலிக்குஞ்சு, பல்லி முட்டை வரை தின்று சுத்தம் செய்துவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடும். அதைவிட நல்ல மருந்து கிடையாது. கட்டியதையும் அடைத்ததையும் மட்டும் முன்னாலேயே அவிழ்த்துவிட வேண்டும். ஓட முடியாததை அது விடாது.

வேலிக்கு அப்பாலிருந்து இமாலி கத்தினாள். "அக்கா, அண்ணனத் தூக்கணுமே! எங்க வீட்டுக்காரர அனுப்பட்டா?"

"வேணாம்டி. அவரத் தூக்கிப் படுக்க வெச்சாச்சு. நீ ஒங் கோழியப் பாரு."

பிறகு ஆட்டை அவிழ்த்தேன். கோழிக் கூண்டைத் திறந்தேன். சாம்பல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரைப் பாத்தியைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். சாம்பல் கோட்டை எறும்பு தாண்டாது. சமையல் குடிசையைச் சுற்றி ஒன்று. ஆட்டுக் கொட்டகையிலிருந்து வேலி வரை ஒன்று. அவசரப்படவில்லை. அவசரத்தில் போட்டால் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். கடைசியில் மறிக்காமல் மிச்சமிருந்தது அவர் படுத்திருந்த அறையின் வாசல் மட்டும். கூடையில் இன்னும் பாதிச் சாம்பல் இருந்தது. அதையும் எழுதிக்கொள்.

ஷிவாச்சி சொல்வது போல நான் பயந்து ஓடிவிடவில்லை, மகளே. வாசலுக்கு எதிரே, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து "ஏய்" என்பதைத் தவிர அவர் என்னை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. அன்றுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முஹோஞ்சா, முஹோஞ்சா என்று, குழந்தை மாதிரி. அவ்வளவு பிரியமாகக் கூப்பிடும்போது ஒரு மனைவி எப்படி விட்டுவிட்டுப் போவாள்? குரல் ஓயும் வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.